5.1 பிறந்த கதை

ஹோம் தியேட்டர் வாங்கப் போகும் யாரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்பதைத்தான். அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு. ஒரு படம் பார்க்க எதற்கு ஆறு ஸ்பீக்கர்?

பதில் தேடினால் சினிமா தியேட்டர்களின் வரலாறுதான் வருகிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரும் தியேட்டரில் வந்த ஒரு தலைவலிக்குக் கண்டுபிடித்த மருந்து. அந்தத் தலைவலி நம் வீட்டு ஹாலிலும் உண்டா என்று பார்த்தால், காசை எதில் போடுவது என்பது புரிந்துவிடும்.

முதலில் நடு ஸ்பீக்கர். ஆரம்பகாலப் பேசும் படங்களில் எல்லாச் சத்தமும் ஒரே திசையிலிருந்து வந்தது. நடிகர் திரையின் ஓரத்துக்கு நடந்து போவார், குரல் மட்டும் கூடவே போகாது. இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-ல் ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு ஸ்பீக்கர், பிரச்சினை தீர்ந்தது... நடு நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும்! ஓரத்தில் இருப்பவருக்கு, பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தே எல்லோரும் பேசுவதுபோல் இருக்கும். அதனால் திரைக்குப் பின்னால் நடுவிலும் ஒன்று வைத்தார்கள். 1940-ல் டிஸ்னியின் 'ஃபேன்டாசியா' அப்படித்தான் வந்தது. 1953-ல் முதல் சினிமாஸ்கோப் படமான 'தி ரோப்', இடம், நடு, வலம், அரங்கைச் சுற்றி என்று நான்கு ஒலித்தடங்களோடு வந்தது.

அடுத்தது, நம் ஆட்களுக்கு மிகவும் பிடித்த சப்வூஃபர். 20 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் சுமார் 17 மீட்டர். அதை உருவாக்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதனால் ஒரு காலத்தில் நல்ல பாஸ் என்றால் பீரோ அளவுப் பெட்டி. 1954-ல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர், பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். ஏ.ஆர்-1 என்ற அந்த ஸ்பீக்கர் வந்தபின், புத்தக அலமாரியில் வைக்கும் பெட்டியிலும் ஆழமான பாஸ் வந்தது.

தியேட்டரை உலுக்கியது 1974-ல் வந்த 'எர்த்குவேக்'. யுனிவர்சல் நிறுவனம் 'சென்சரவுண்ட்' என்ற பெயரில் பெரிய பெரிய பாஸ் ஸ்பீக்கர்களைத் தியேட்டர்களில் இறக்கியது. ஹாலிவுட்டின் கிராமன்ஸ் சைனீஸ் தியேட்டரில், அதிர்வில் மேற்கூரைப் பூச்சு ரசிகர்கள் தலையில் விழாமல் இருக்க வலை கட்டினார்கள்! 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' 70 எம்.எம். பிரதிகளில் பாஸுக்கென்றே தனித் தடங்கள் ஒதுக்கப்பட்டன.

டிஜிட்டல் ஒலிக்கு எத்தனை தடம் வேண்டும் என்று 1987-ல் பேச்சு வந்தபோது, டி.எச்.எக்ஸ். முறையை உருவாக்கிய டாம்லின்சன் ஹோல்மன் சொன்ன விடைதான் 5.1. ஐந்து முழுத் தடங்கள். ஆறாவது, சுமார் 120 ஹெர்ட்ஸ் வரையுள்ள பாஸ் எஃபெக்டுகளுக்கு மட்டும். முழுத் தடத்தில் அது மிகச் சிறு பங்கு என்பதால் புள்ளி ஒன்று. 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டலிலும், 1993-ல் 'ஜுராசிக் பார்க்' டி.டி.எஸ்.ஸிலும் வந்தன. பிறகு டி.வி.டி. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

இங்கேதான் தியேட்டருக்கும் வீட்டுக்கும் வித்தியாசம். தியேட்டர் சப்வூஃபருக்கு வெடிச்சத்தம் மட்டும்தான் வேலை. வீட்டில், சின்ன ஸ்பீக்கர்களால் முடியாத பாஸ் முழுவதையும் அதுவே சுமக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் சப்வூஃபர் மூலையில் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் மற்ற ஸ்பீக்கர்கள் உள்ளங்கை அளவுக்குச் சிறுத்துவிட்டால், 150, 200 ஹெர்ட்ஸ் வரை சப்வூஃபர் தலையில் விழும். அப்போது ஹீரோ குரலில் பாதி சோபாவுக்குப் பின்னாலிருந்து வரும்! வாட்ஸைவிட இதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

கேபிளின் வரலாறு வேறு மாதிரி. அது தியேட்டர் பிரச்சினையில் பிறந்ததே அல்ல. 1970களில் அமெரிக்க வீடுகளில் டேபிள் விளக்கு ஒயரையே ஸ்பீக்கருக்கு மாட்டினார்கள். 1979-ல் நோயல் லீ தொடங்கிய மான்ஸ்டர் கேபிள், ஒயரை ஒரு தனிச் சரக்காக்கியது. வணிகவியல் மாணவனாக எனக்கு இது பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டிய மார்க்கெட்டிங். ஆனால் கணக்கு எளிது. 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர். மின்தடை சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். ஒரு சதவீதம்கூட இல்லை! இதற்கு மேல் ஒயருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய ரூபாய்.

எனவே சின்ன ஹாலுக்கு என் வரிசை இது. முன்னால் இடம், வலம் இரண்டும் நல்லதாக, ஓரளவு பெரியதாக. குடும்பமே பரவி உட்கார்ந்து பார்ப்பதென்றால் அடுத்து நடு ஸ்பீக்கர். தனியாக நடுவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது இல்லாமலே குரல் நடுவில்தான் கேட்கும். பிறகு சப்வூஃபர், அதன்பின் பின்பக்க ஸ்பீக்கர்கள். ஒயர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும்.

ஆறும் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தியேட்டருக்கே ஆறும் வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது!