எல்லை கடந்த நட்டஈடு

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலையும் ஒற்றசேகரமங்கலமும் எல்லைப்புற ஊர்களாயின.

இத்தகைய ஊரிலிருந்து எல்லைக்கப்பால் சென்று உழைக்கும் ஒருவர் அங்கே கையிழந்தால் எங்கே முறையிடுவது? 1924 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், விபத்து நேர்ந்த வட்டாரத்தின் ஆணையரையே சுட்டியது. ஊனமுற்று ஊர் திரும்பியவரும், கணவனை இழந்த மனைவியும் வழக்கின்பொருட்டு அயலூருக்கு அலைய நேர்ந்தது. உரிமை ஏட்டில் இருந்தது. அதனை எய்தும் வழியோ நெடிதாயிருந்தது.

இக்குறையை 1995-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிற்று. தொழிலாளியோ, அவர் இறப்பின் அவரைச் சார்ந்தோரோ, தாம் வாழும் ஊருக்குரிய ஆணையரிடமே மனுச் செய்யலாம் என்றாயிற்று. இந்திய நிறுவனங்கள் வேலைக்கு அமர்த்தி வெளிநாட்டுக்கு அனுப்பியோரையும் அத்திருத்தம் சட்டத்துள் சேர்த்தது. 2007-இல் மோர்கினா பேகம் வழக்கில், வாழும் ஊரில் முறையிடும் உரிமையை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

மருத்துவச் செலவோ இன்னும் பிந்தியே வந்தது. சிகிச்சைக்கு உண்மையில் செலவிட்ட தொகையைத் திரும்பப் பெறும் உரிமையை 2009-ஆம் ஆண்டுத் திருத்தமே சட்டத்தில் எழுதிற்று. அத்திருத்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

1923-இல் பிறந்த சட்டம் தொழிலாளியின் ஊர்வாசலை அடைய 72 ஆண்டுகள் ஆயின. வாழும் ஊரில் முறையிடும் நெறி 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இடம்பெற்றது. அயல்மாநிலங்களில் உழைக்கும் நாம் இதனை அறிந்திருத்தல் நன்று. சம்பளச் சீட்டையும் மருத்துவமனை ரசீதையும் பேணி வைப்போமாக. ஊர் திரும்பிய பின் நமக்காகச் சான்று பகர்வன அவையே.