மூன்றெழுத்து வால்

கேமராவில் எடுத்த படத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, பிறகு 'ஜேபிஜி'. அந்தப் பட முறையை வகுத்த ஜேபெக் குழுவின் பெயருக்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. நடுவிலிருந்த 'இ' எங்கே போனது?

அதைத் தேடினால் அமெரிக்காவின் டெக் என்ற நிறுவனம் 1964இல் கொண்டுவந்த பிடிபி-6, அதன் வழிவந்த பிடிபி-10 கணினிகளுக்குப் போக வேண்டும். அவற்றின் நினைவகம் 36 பிட் கொண்ட துண்டுகளாக இருந்தது. துண்டுக்கு 'வேர்டு' என்று பெயர். எழுத்துக்கு 6 பிட் என்றால் ஒரு வேர்டில் ஆறெழுத்து. கோப்பின் பெயர் அதற்குள் அடங்கியது. அடுத்த வேர்டில் பாதியை, அதாவது 18 பிட்டை, கோப்பின் வகைக்குக் கொடுத்தார்கள். அதில் மூன்றெழுத்துதான் பிடிக்கும். அதே நிறுவனத்தின் பிடிபி-11இல் வேர்டு 16 பிட்டாகச் சுருங்கியது. அங்கே எழுத்து, எண், குறி எல்லாம் சேர்த்து நாற்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 40 × 40 × 40 = 64,000; 16 பிட்டின் எல்லை 65,536. மறுபடியும் மூன்றெழுத்து! எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

1974இல் கேரி கில்டால் சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதியபோது அந்த நெருக்கடியே இல்லை. எழுத்துக்கு ஒரு பைட். பெயரை எட்டாக நீட்டினார். வாலை மட்டும் மூன்றாகவே விட்டார். 1980இல் டிம் பேட்டர்சன், சிபி/எம் நிரல்களை எளிதாகக் கொண்டுவர வேண்டும் என்பதற்காக, தம் 86-டாஸ் இயங்குதளத்தில் அதே அமைப்பை வைத்தார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது; 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த அது, எம்எஸ்-டாஸ் என்ற பெயரிலும் உலகெங்கும் பரவியது. வட்டில் பெயருக்கு 8 பைட், வகைக்கு 3 பைட். புள்ளி அங்கே பதிவாவதே இல்லை; திரையில் நமக்காகப் போடப்படுவது அது. விண்டோஸ் 95 வந்து 255 எழுத்து வரை அனுமதித்தபோது 'ஜேபிஜி' வேரூன்றிவிட்டிருந்தது.

வாலை மாற்றினால் உள்ளே எதுவும் மாறாது. படத்துக்கு 'எம்பி3' என்று பெயர் சூட்டினாலும் அது பாடாது. பல வகைக் கோப்புகளின் உண்மையான அடையாளம் அவற்றின் முதல் சில பைட்டுகளில் இருக்கிறது. ஜிப் கோப்பு 'பிகே' என்று தொடங்கும். அதை உருவாக்கிய ஃபில் கேட்ஸின் முதலெழுத்துகள். மைக்ரோசாஃப்ட் வேர்டு செயலியின் 'டாக்எக்ஸ்' கோப்பும் அப்படித்தான் தொடங்கும், ஏனென்றால் அதுவும் ஒரு ஜிப்பே.

வாலை மறைத்துக் காட்டும் விண்டோஸின் வழக்கம் ஆபத்தானது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய காதல் கடித வைரஸ் அதைத்தான் பயன்படுத்தியது. பெயரின் முடிவில் 'டிஎக்ஸ்டி' என்று தெரிந்தது. அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்ற நிரலின் வால் ஒளிந்திருந்தது. கடிதம் என்று நம்பித் திறந்தவர்கள் நிரலை இயக்கினார்கள். விண்டோஸ் இன்றும் வாலை மறைத்தே தருகிறது. கோப்புகளைக் காட்டும் சாளரத்தில் 'வியூ' பகுதிக்குப் போய் அதைத் தெரியவைக்கலாம்.