சரித்திரம் எழுத யார் படி அளந்தது?

நம் ராசிங்காபுரத்தின் வரலாற்றை எழுதுங்களேன் என்று சிலர் கேட்கிறார்கள். எழுதலாம்தான். ஆனால் அதற்கான காகிதம் எங்கெங்கே கிடக்கிறது என்று பாருங்கள்.

1996-இல் தேனி மாவட்டம் பிரியும்வரை நாம் மதுரை ஜில்லா. போடியில் ஜமீன் இருந்தது. 1948-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகுதான் ஜமீன்கள் ஒழிந்தன. நம் சனம் ஏலக்காய் எடுக்க ஏறிப்போன மலையோ திருவிதாங்கூர் சீமை, 1956-இல் கேரளமானது. ஆக, ஒரு கிராமத்தின் கதைக்குத் தேனி, மதுரை, எழும்பூர் ஆவணக் காப்பகம், திருவனந்தபுரம் என்று அலைய வேண்டும். 2023-இல் போடிக்குச் சென்னை ரயில் வந்தது, வாரம் மூன்று நாள். போய்விடலாம். அங்கே பத்து நாள் தங்கிப் படிக்க ரூம் வாடகை யார் கொடுப்பது?

நம் ஜில்லாவைப் பற்றிய பழைய புத்தகங்கள் என்றால் நெல்சன் எழுதியது (1868), பிரான்சிஸ் எழுதிய கெஜட்டியர் (1906). இருவரும் வெள்ளைக்கார சிவில் சர்வீஸ் அதிகாரிகள். சர்க்கார் தஸ்தாவேஜு அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மாதச் சம்பளமும் வந்தது. குறை சொல்லவில்லை, இன்றைக்கும் அவற்றைத்தான் புரட்டுகிறோம். ஆனால் விடியுமுன் சோற்றுத் தூக்குடன் மலையேறிய பெண்ணின் பெயர் கிஸ்திக் கணக்கில் ஏறாது.

அந்த வசதி எதுவுமில்லாமல் எழுதியவர் மயிலை சீனி. வேங்கடசாமி. சென்னையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வட்டெழுத்து, கிரந்தம், பிராமி எல்லாம் கற்றுக்கொண்டார். பள்ளி வேலையில் இருந்துகொண்டேதான் 1936-இல் ‘கிறித்தவமும் தமிழும்’, 1940-இல் ‘பௌத்தமும் தமிழும்’, 1954-இல் ‘சமணமும் தமிழும்’. பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு வாத்தியார் சம்பளத்தில் செய்தார். 1980-இல் அவர் காலமான பிறகே நூல்கள் நாட்டுடைமையாயின.

வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்குப் பணத்தைவிடக் காலம்தான் பகை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876-இல். உ.வே.சா. எழுதிய அவருடைய சரித்திரம் வெளிவந்தது 1933, 34-இல், அதுவும் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. சீடரே எழுதியதால் பிழைத்தது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

ரயில் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. தோட்டத்தில் வேலை பார்த்த எழுபது, எண்பது வயதுக்காரர்கள் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள். எந்தத் தோட்டம், யார் கங்காணி, என்ன கூலி என்று கேட்டு நோட்டில் எழுதி வருகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கூலிச் சீட்டோ பத்திரமோ இருந்தால், கரையானுக்குப் போகுமுன் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.