சூடுதல், கட்டுதல், இடுதல்: தலையணிச் சொற்களில் ஒரு சமூக வரலாறு

ஆனைக்கரை என்னும் பெயரில் பாலக்காடு மாவட்டத்தில் ஓர் ஊரும் இடுக்கி மாவட்டத்தில் ஓர் ஊரும் உள்ளன. முன்னது பாரதப்புழையின் கரையை அடுத்த நெல்வயல் நிலம். பின்னது குமுளியை அடுத்த ஏலமலை. கம்பம், போடிப் பகுதிகளிலிருந்து மலையேறிய தமிழ்த் தொழிலாளர் உழைப்பால் வளர்ந்த தோட்டப் பகுதி. நிலத்தாலும் தொழிலாலும் வேறுபட்ட இவ்விரண்டு ஊர்களையும் இணைப்பது தென்மேற்குப் பருவமழை. அம்மழையில் குனிந்து வேலை செய்பவர் தலைக்கு என்ன வேண்டும் என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

நாற்று நடுபவர்க்கும் களை பறிப்பவர்க்கும் இரு கைகளும் வேண்டும். எனவே காம்புள்ள குடை அவர்களுக்குப் பயன்படாது. வயல்நிலத்தார் கண்ட வழி தொப்பிக்குடை. பனையோலையை மூங்கிற் சிம்புகளால் கட்டி, காம்பின்றி, தலையிலேயே அமருமாறு செய்யப்பட்ட அகன்ற கவிகை அது. மலபாரின் வடபகுதியில் கமுகம் பாளையை மடித்துச் செய்த பாளைத்தொப்பியும் வழங்கியது. தமிழ்த் தொழிலாளர் கண்ட வழி கொங்காணி. கோணிப்பையின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் செருகினால் தலைக்கும் முதுகுக்கும் ஒரு கூடு அமைந்துவிடும். தச்சன் வேண்டாம்; தையற்காரனும் வேண்டாம். இவ்விரு கருவிகளையும் ஒப்பிடும்போது பொருளைக் காட்டிலும் அவற்றோடு சேரும் வினைச்சொற்களே ஆராயத்தக்கனவாகத் தோன்றுகின்றன. மலையாளத்தார் குடையைச் 'சூடுகின்றனர்'; தமிழர் குடையைப் 'பிடிக்கின்றனர்'; கொங்காணியைப் 'போடுகின்றனர்'.

சூடுதல் இரு மொழிக்கும் பொதுவான பழஞ்சொல். தமிழில் அது பூவிற்கும் முடிக்கும் மட்டுமே நின்றுவிட்டது. பூச்சூடுதல், முடிசூடுதல் என்கிறோம். மலையாளம் அதனைக் குடைக்கும் காத்து வைத்துள்ளது. குடை ஒரு காலத்தில் சிறப்புக்குரியதாக இருந்தது என்பதை இவ்வழக்கு நினைவூட்டுகிறது. வெண்கொற்றக் குடை வேந்தனுக்குரியது. நம்பூதிரி இல்லத்து மகளிர் வெளியே செல்லும்போது முகத்தை மறைக்க ஏந்திய ஓலைக்குடை மறைக்குடை எனப்பட்டது. திருவிதாங்கூரில் நாடார் முதலிய சமூகத்தார் குடை பிடிப்பதற்கே தடை இருந்தது. ஒரே ஓலைதான். ஒருத்திக்கு அது முகம் மறைக்கும் கடமை, ஒருவனுக்கு மறுக்கப்பட்ட உரிமை, உழவனுக்கோ மழைக்கவிகை. தொப்பிக்குடை என்னும் கூட்டுச்சொல்லில் 'தொப்பி' முன்னே நிற்பது கருதத்தக்கது. கையால் உயர்த்திப் பிடிக்கும் குடையினின்று இதனைப் பிரித்துக் காட்டவே அம்முன்னொட்டு வந்ததெனக் கொள்ளலாம்.

இனிக் கட்டுதல். தமிழில் தலைப்பாகை, முண்டாசு, உருமால், பரிவட்டம் ஆகிய அனைத்தும் கட்டப்படுவனவே. இவற்றுள் உருமால் முகம் துடைக்கும் துணி எனப் பொருள்படும் பாரசீகச் சொல். முகம் துடைக்க வந்த துணி தமிழகத்தில் தலைக்கு ஏறிவிட்டது! கொங்குநாட்டுத் திருமணத்தில் உருமால் கட்டு ஒரு சீராகவே அமைந்தது. தென்மாவட்ட ஊர்களில் கோயில் வரிக்கு மணமான ஆணின் குடும்பத்தைத் 'தலைக்கட்டு' எனக் கணக்கிடுவர். தலையில் துணி கட்டுதல் ஒருவனை ஊரில் ஓர் ஆளாக எண்ணுதற்குரிய அடையாளமாக இருந்தது என்பதற்கு இச்சொல்லினும் தக்க சான்று வேண்டியதில்லை.

கட்டியதை அவிழ்க்கவும் வேண்டியிருந்தது. நிலவுடைமையாளன் எதிர்ப்பட்டால் உழவன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பிலோ அக்குளிலோ இடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது தமிழகத்திலும் கேரளத்திலும் எழுதப்படாத சட்டம். அதே காலத்தில் அலுவலகத்துக் குமாத்தா அதிகாரியின் முன் தலைப்பாகையோடு நிற்பதே மரியாதை. வெறுந்தலையோடு நிற்பது அவமதிப்பு. ஆகவே தலையை மூடுவது மரியாதையா, திறப்பது மரியாதையா என்னும் வினாவுக்கு நம் நாட்டில் ஒற்றை விடை இருந்ததில்லை. தலை யாருடையது என்பதைப் பொறுத்து விடை மாறியது. 1893ஆம் ஆண்டு வெங்ஙானூரில் அய்யன்காளி, தம் சமூகத்தார் நடக்கவும் தடை செய்யப்பட்டிருந்த பொதுவழியில் வில்வண்டி ஏறிச் சென்றார். அவரை இன்றும் நாம் படங்களில் தலைப்பாகையோடு காண்பது வெறும் உடையழகு அன்று. அவிழ்க்க வேண்டிய தலையில் அது அவிழாமல் இருந்தது.

மூன்றாவது வினை இடுதல். தமிழ்ப் பேச்சில் போடுதல். தொப்பியும் குல்லாவும் கட்டப்படுவதில்லை. செய்து முடித்த பொருளாக வந்து தலையில் ஏறுகின்றன. தொப்பி என்னும் சொல் சங்க நூல்களில் இல்லை. அங்குள்ள 'தோப்பி' நெல்லிலிருந்து வடித்த கள். ஒலி ஒப்புமை கண்டு மயங்க வேண்டா. இந்தி முதல் தமிழ் வரை பரவிய இச்சொல், நம்மிடையே பிறநாட்டாரின் அடையாளமாகவே முதலில் பொருள் பெற்றது. ஐரோப்பியர் 'தொப்பிக்காரர்' ஆயினர். போர்ச்சுகீசிய வழிவந்த கலப்பினப் படைவீரர்களைக் குறித்த 'தொப்பாசி' என்னும் பெயர் தொப்பியிலிருந்து வந்ததா, இருமொழியாளன் எனப் பொருள்படும் துபாசியிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. இரண்டும் ஒலியால் நெருங்கிக் கலந்தன என்பதே என் கருத்து. மலபாரிலோ 'தொப்பியிடுதல்' என்பது இசுலாத்தைத் தழுவுதல் என்னும் பொருளில் வழங்கியது. தலையில் இடும் பொருள் மாறினால் சமயம் மாறியது என்பதை மொழியே பொருளாக்கி வைத்திருந்தது.

இப்பின்னணியில்தான் 1806ஆம் ஆண்டின் வேலூர்ப் புரட்சியை நோக்க வேண்டும். சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் சான் கிரடாக் புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தார். அணிவகுப்பில் நெற்றிக் குறியும் காதணியும் கூடா, தாடி கூடாது, மீசையும் ஒரே அளவில் இருத்தல் வேண்டும். இவற்றுடன் தோலால் ஆன குஞ்சம் பொருத்திய ஒரு புதிய தலையணியும் வந்தது. 1806 மே மாதத்தில் வேலூரில் சிப்பாய்கள் அதனை அணிய மறுத்தனர். மறுத்தோரில் ஓர் இந்துவும் ஒரு முசுலிமும் கடுமையான கசையடி பெற்றுப் படையினின்று நீக்கப்பட்டனர். வேறு பலர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினர். சூலை 10 விடியற்குமுன் கோட்டைக்குள் எழுச்சி வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லசுபி குதிரைப்படையோடு வந்து அன்றே கோட்டையை மீட்டபின், மாண்ட சிப்பாய்கள் பல நூற்றுவர்.

புரட்சிக்குக் காரணம் உடையா, 1799ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மைந்தர்களைச் சார்ந்த அரசியலா என்று வரலாற்றாசிரியர் வாதிட்டு வந்துள்ளனர். மொழியியலார் சேர்க்கக்கூடியது ஒன்று உண்டு. கும்பினியார் ஆணையில் அப்பொருளின் பெயர் 'டர்பன்', அதாவது தலைப்பாகை. தலைப்பாகைக்குப் பதில் தலைப்பாகை. இதில் என்ன குற்றம் என்பது அதிகாரிகளின் எண்ணம். சிப்பாய்களின் கண்ணுக்கோ அது தொப்பி. கட்டுவதன்று, இடுவது. தொப்பியை இடுபவன் தொப்பிக்காரன், தொப்பிக்காரன் கிறித்துவன். தம்மைக் கிறித்துவராக்கவே இவ்வேற்பாடு என்று அவர்கள் அஞ்சியதைப் பேதைமை என ஒதுக்குவோர், தென்னாட்டு மொழிகளில் தொப்பிக்கு இருந்த பொருளை எண்ணிப் பார்க்கவில்லை. இந்துவின் நெற்றிக்கும் முசுலிமின் தாடிக்கும் வந்த ஆணையோடு அது சேர்ந்து வந்தபோது இருவரையும் ஒரே அச்சம் பற்றியது. தோல் என்பது அச்சத்தை மிகுவித்தது. அது எவ்விலங்கின் தோல் என்னும் ஐயம் இருவருக்கும் வெவ்வேறு வகையில் தீராததாயிற்று.

புதிய தலையணி ஆணை அம்மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் 1807ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர்.

பின்னர் மலைத்தோட்டங்களில் துரைமார் தலையில் அமர்ந்த சோலாத் தொப்பியைப் பற்றி ஒரு செய்தி. இடியும் முழக்கமுமாக ஆட்சியின் சின்னமாய்த் திகழ்ந்த அத்தொப்பியின் உள்ளீடு நீர்நிலைகளில் வளரும் நெட்டி. தஞ்சைக் கைவினைஞர் கோபுரமும் மாலையும் செய்யும் அதே மெல்லிய தக்கை. வெயிலுக்கு அது நல்லது. மழையில் ஊறினால் உருக்குலையும். ஏலமலையின் ஆடி மழையில் துரை கூரைக்கு அடியில் ஒதுங்க, கொங்காணி போட்டவர்கள் வேலையைத் தொடர்ந்தனர். கோணியின் இடத்தை இன்று நெகிழித்தாள் பிடித்துவிட்டது. அதையும் 'போட்டுக்கொள்கிறார்கள்' என்றே சொல்கிறார்கள். பாரதப்புழைக் கரையில் தொப்பிக்குடை வயலை விட்டுக் காட்சிக்கூடத்திற்கும் ஓணத்து அலங்காரத்திற்கும் சென்று சேர்ந்தது.