வெயிலும் வர்க்கமும்: றிக்கற்ஸ் நோயின் வரலாறும் வட்டக்கச்சியும்

நோயின் வரலாற்றை மருத்துவர்க்கே உரியதெனக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயின் உழைப்பு, உறைவிடம், குடும்ப ஒழுக்கம் ஆகியவற்றின் வரலாற்றினின்று அதனைப் பிரித்தெடுத்தல் இயலாது. சிறுவரின் என்புகளை மென்மையாக்கி வளைக்கும் றிக்கற்ஸ் நோய் இதற்குத் தக்க சான்றாகும்.

1650 இல் பிரான்சிஸ் கிளிசன் இந்நோயை விரிவாக விவரித்தார். எனினும், கைத்தொழிற் புரட்சியின் நகரங்களிலேயே அது பெருநோயாக உருவெடுத்தது. தொழிலாளர் பிள்ளைகளிடையே அதன் பரவலை 1845 இல் எங்கெல்ஸ் சுட்டினார். புகை மண்டிய வானமும் நெருங்கிய குடியிருப்புகளும் கதிரவனை மறைத்தன. 1822 இலேயே வார்சோவின் நகரக் குழந்தைகளையும் நாட்டுப்புறக் குழந்தைகளையும் ஒப்பிட்ட சினியாடெக்கி, வெயிலே மருந்து என்றார். அக்கூற்று நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. 1919 இல் மெலன்பி மீனெண்ணெயினாலும், ஹுல்ட்சின்ஸ்கி புறவூதாக் கதிரினாலும் நோய் நீங்குதலைக் காட்டினர். 1922 இல் மக்கொலம் அக்காரணியை விற்றமின் டி எனப் பெயரிட்டார்.

அதே 1922 இல் ஹச்சிசனும் ஷாவும் இந்தியாவின் நாசிக் பகுதி பற்றி வெளியிட்ட ஆய்வு நமக்கு மிக முக்கியமானது. அங்கு நோயுற்றோர் ஏழைகள் அல்லர். பர்தா முறையால் வீட்டினுள் அடைபட்ட வசதிமிக்க குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளுமே. குறைந்த உணவுண்டு வயலில் உழைத்த தாயரின் பிள்ளைகள் பெரிதும் தப்பினர். இங்கிலாந்தில் தொழிலாளியைத் தாக்கிய நோய், நாசிக்கில் உழைப்பினின்று விலக்கப்பட்டோரைத் தாக்கியது. இது முரண்பாடாகத் தோன்றினும் விதி ஒன்றே: வெயிலை யார் பெறுவர் என்பதைச் சமூகமே தீர்மானிக்கின்றது.

இவ்விதியை வட்டக்கச்சிக்கு இயந்திரரீதியாகப் பொருத்துதல் தகாது. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் காடழித்துக் குடியேறியோரின் ஊர் அது. அவர்தம் முதற்றலைமுறையினர் வயலிலும் வரம்பிலும் வளர்ந்தனர். 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிப் பிரதேசத்துக்கு வந்தோர் பலர் கூலியுழைப்பாளராயினர். அவர்தம் பிள்ளைகளுக்கு வெயில் குறைவின்றிக் கிடைத்தது. பாலும் மீனும் முட்டையும் அவ்வாறு கிடைத்தன எனல் இயலாது. சுண்ணாம்புச் சத்துக் குன்றிய உணவும் என்பை நலிவிக்கும் என்பதை இங்கு மறத்தலாகாது.

இன்று நாம் கருதவேண்டியது பிறிதொரு மாற்றமாகும். தோல் விற்றமின் டியை ஆக்குவதற்குரிய கதிர்கள் நண்பகலை அண்டிய நேரத்திலேயே மிகுதி. காலை மாலைச் சாய்கதிரில் அவை அருகும். கண்ணாடி அவற்றைத் தடுக்கும். கருந்தோலுக்கு நீண்ட நேரம் வேண்டும். நண்பகலில் வகுப்பறையிலும் பின்னேரத்தில் ரியூசன் கொட்டிலிலும் இருக்கும் மாணவன், வெயில் நாட்டில் வாழ்ந்தும் வெயிலறியாதவனாகலாம். பூப்பெய்தியபின் முற்றத்துக்கும் அளவோடு வரும்படி பணிக்கப்படும் பெண்பிள்ளையின் நிலை இன்னுங் கடினம். என்பு விரைந்து வளரும் பருவமும் அடைப்பு இறுகும் பருவமும் ஒன்றாகின்றன. அவள் தாயாகும்போது அக்குறை குழந்தைக்கும் செல்லும். தாய்ப்பாலில் இவ்விற்றமின் இயல்பாகவே குறைவு.

புலம்பெயர்ந்த வாழ்வும் இதனையே உரைக்கின்றது. 1960களில் கிளாஸ்கோவின் தென்னாசியக் குடியேறிகளின் பிள்ளைகளிடையே இந்நோய் மீண்டும் இனங்காணப்பட்டது. அவர்தம் உணவையும் உடையையும் குறைகூறல் எளிதாயிற்று. பிரித்தானியாவில் மாஜரினுக்குச் சட்டப்படி சேர்க்கப்பட்ட விற்றமின் டி, சப்பாத்தி மாவுக்குச் சேர்க்கப்படவில்லை.

ஆகவே, 'வெயிலில் நில்லுங்கள்' என்னும் அறிவுரை மட்டும் போதாது. பாடவேளையில் விளையாட்டுக்கு இடம், சிறுமியர்க்கும் திறந்த மைதானம், சூடையும் நெத்தலியும் முட்டையும் வாங்கவல்ல கூலி, சிசுக்களுக்குக் கிராமச் சுகாதார நிலையத்தில் தேவையான துளிமருந்து ஆகியன கோரப்படல் வேண்டும். கதிரவன் எவர்க்கும் விலைகூறுவதில்லை. விலை கூறுவது நாம் அமைத்த சமூகமே.