பூன்னா அஞ்சு இதழ்தானா? குட்டீஸோட சேர்ந்து பூக்களைப் பார்க்கலாம் வாங்க!

உங்க வீட்டுக் குட்டியிடம் பேப்பரும் க்ரயானும் கொடுத்து, 'ஒரு பூ வரைஞ்சு காட்டு' என்று கேட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு வட்டம், சுற்றி ஐந்து இதழ், கீழே ஒரு கோடு, இரண்டு இலை. புத்தகத்தில் பார்த்த படம் அது. வாசலில் பார்த்த பூ இல்லை. நாலு வயசிலேயே 'பூன்னா இதுதான்' என்று மனசில் பதிந்துவிடுகிறது. அப்புறம் தினமும் கடந்துபோகிற செம்பருத்தியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இதை மாற்ற பெரிய செலவில்லை. ஒரு பூ, ஒரு நோட்டு, வாரத்தில் அரை மணி நேரம் போதும்.

பெயரைக் கடைசியில் சொல்லுங்க

'இது செம்பருத்தி' என்று சொன்னதும் குழந்தையின் தேடல் முடிந்துபோகும். அதனால் முதலில் கேள்வி கேளுங்கள். எத்தனை இதழ் இருக்கு? வாசனை வருதா? நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்ன? அந்தக் குழலைத் தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். அதுதான் மகரந்தம். நுனியில் ஐந்து சின்னப் புள்ளிகள் இருக்கும்; அவை மகரந்தம் வந்து சேரும் இடம். 'பூவுக்கு வர்ற பூச்சி மேலயும் இப்படித்தான் ஒட்டிக்கும்' என்று சொன்னால் குழந்தைக்குப் புரிந்துவிடும்.

அடுத்த வாரம் சாமந்தி. நாம் இதழ் என்று நினைத்துப் பிய்க்கிற ஒவ்வொன்றுமே ஒரு குட்டிப் பூ! பல பூக்கள் சேர்ந்துதான் ஒரு சாமந்தி. சூரியகாந்தியும் அப்படித்தான். இது பல பெரியவர்களுக்கே புதுசாக இருக்கும்.

நீங்க வரைஞ்சு கொடுக்காதீங்க

பூவை நோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு கோடு போடும் முன்பும் ஒருமுறை பூவைப் பார்க்கச் சொல்லுங்கள். இதழைவிடக் குழல் பெரிதாக வந்தாலும் திருத்த வேண்டாம். 'சூப்பர்' என்று மட்டும் சொல்லாமல், 'இந்தப் புள்ளியை எப்படிக் கண்டுபிடிச்சே?' என்று கேளுங்கள். பக்கத்தின் மூலையில் தேதி, பூ கிடைத்த இடம், உங்க ஊரில் அதற்குச் சொல்லும் பெயர் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

பூவிலிருந்தே பெயின்ட்

ஐந்தாறு நீலச் சங்குப்பூக்களை வெந்நீரில் போட்டு, நன்றாக ஆறியதும் வடிகட்டுங்கள். வெந்நீர் ஊற்றும் வேலை உங்களுடையது. அந்த நீலத் தண்ணீரில் பிரஷ்ஷைத் தொட்டு வரையலாம். கொஞ்சம் தனியாக எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகும், இன்னும் விட்டால் இளஞ்சிவப்பாகும். இன்னொரு கிண்ணத்தில் சமையல் சோடா போட்டால் பச்சை கலந்த நிறம் வரும். புளிப்புக்கும் சோடாவுக்கும் ஏற்ப நிறம் மாறுகிற 'ஆந்தோசயனின்' என்ற நிறமிதான் காரணம்.

மொபைலையும் சேர்த்துக்கோங்க

பவழமல்லி இரவில் மலர்ந்து விடியற்காலையில் உதிரும். அந்திமந்தாரை சாயங்காலம்தான் விரியும். ஒரே மல்லி மொட்டை நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் போட்டோ எடுத்து, குழந்தையிடம் வித்தியாசம் கேளுங்கள்.

இதில் மட்டும் கவனம்!

அரளி, ஊமத்தை, செங்காந்தள் மூன்றும் விஷச் செடிகள். செங்காந்தள் நம் மாநில மலர்தான். ஆனாலும் அதைத் தூரத்தில் இருந்து ரசித்தால் போதும். எந்தப் பூவாக இருந்தாலும் வாயில் வைக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைப் பூக்களில் பூச்சிமருந்து இருக்கலாம். முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும். தும்மல், அரிப்பு வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். பக்கத்து வீட்டுச் செடியில் பறிக்கும் முன் கேட்கப் பழக்குங்கள்; உதிர்ந்த பூ இருந்தால் அதுவே போதும்.

நாலைந்து வாரம் கழித்து, 'ஒரு பூ வரைஞ்சு காட்டு' என்று மறுபடியும் கேளுங்கள். உங்க குட்டி உடனே க்ரயானை எடுக்காமல், 'எந்தப் பூ?' என்று திருப்பிக் கேட்டால், நீங்க ஜெயிச்சிட்டீங்க!