அடுப்புக்குப் பெயர் கொடுத்த குத்துச்சண்டைக்காரர்

காலியான ஒரு பழுப்புக் காகிதப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் வைத்து ஊதுங்கள். புஸ்ஸென்று உப்பும். முனையை முறுக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், பார்க்கிறவர்களுக்கு உள்ளே சாப்பாடு இருப்பதுபோலத் தெரியும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஏழைகள் வாழ்ந்த ஃபிஃப்த் வார்டு பகுதியில் வளர்ந்த ஒரு கறுப்பினச் சிறுவன் இப்படித்தான் பள்ளிக்கூடம் போனான். வீட்டில் ஏழு பிள்ளைகள். அவர்களை வளர்க்க அம்மா உழைத்து உழைத்து ஓய்ந்தார். மற்ற பையன்கள் மதியம் சாப்பிட உட்காரும்போது, 'நான் ஏற்கெனவே சாப்பிட்டாச்சு' என்று காட்டிக்கொள்ள அவனுக்கு அந்தப் பை! பசியைவிடப் பெரிய கஷ்டம், பசிக்கிறது என்று அடுத்தவனுக்குத் தெரிந்துவிடுவதுதான் இல்லையா?

அந்தப் பையனின் பெயர் ஜார்ஜ் ஃபோர்மன். பிற்காலத்தில் உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் விற்ற ஒரு மின்சார அடுப்பின் மேல் பொறிக்கப்பட்ட பெயர் அது. சமையலறை மேடையில், ஒரு டோஸ்டருக்குப் பக்கத்தில் அடக்கமாக உட்காரும் 'கிரில்' அடுப்பு. அதன் கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது. கொஞ்சம் மனசைப் பிசைவதும்கூட!

முதலில் அடுப்பு... அப்புறம் ஆசாமி.

நெருப்பே இல்லாமல் சமைக்கலாம் என்று சொன்னபோது ஜனங்கள் நம்பவில்லை. 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் மின்சாரச் சமையலறை ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்கள். கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. வாங்கிப் போகத்தான் ஆளில்லை. காரணம், கம்பி! மின்சாரம் பாய்ந்து பழுக்கக் காய்கிற கம்பி, காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து சீக்கிரமே அரித்துப் பொடியாகிவிடும். 1905-ல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து ஒரு உலோகக் கலவையை உருவாக்கினார். அதுதான் நிக்ரோம். சூடேறும்போது அதன் மேல் குரோமிய ஆக்ஸைடு மெல்லிய போர்வை மாதிரிப் படிந்து, உள்ளே இருக்கும் கம்பியைக் காப்பாற்றிவிடும். டோஸ்டர், இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர் என்று இன்று வீட்டில் சுடுகிற சாமான்கள் பலவற்றுக்கும் தாத்தா அந்தக் கம்பிதான்.

அடுத்து, ஒட்டாத பூச்சு. 1938-ல் டூபாண்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், குளிர்சாதனப் பெட்டிக்கான வாயுவை ஆராயப் போய், தற்செயலாக வழுவழுவென்ற வெள்ளைப் பொடியைக் கண்டுபிடித்தார். டெஃப்லான்!

ஆக, கம்பியும் தயார், பூச்சும் தயார். ஆனால் அமெரிக்கர்களுக்கு 'கிரில்' என்றால் வீட்டுத் தோட்டம், கரி, புகை, ஞாயிற்றுக்கிழமை! 1952-ல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த பட்டறையில் செய்த கடல் மிதவையை இரண்டாக வெட்டி, மூடி போட்ட கரியடுப்பு ஒன்றை உருவாக்கினார். அது புறநகர் வீடுகளை எல்லாம் பிடித்துக்கொண்டது. சரி, தோட்டமே இல்லாதவன் என்ன செய்வான்? மாடிக் குடியிருப்பில் ஒற்றை அறையில் இருப்பவனுக்கு? திங்கள் முதல் சனி வரை தினமும் வயிறு பசிக்குமே?

அந்தக் கேள்விக்கு 1990-களின் தொடக்கத்தில் பதில் கண்டவர் மைக்கேல் போம். இல்லினாய் மாநிலத்துக்காரர். இரண்டு சூடான தட்டுகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் இறைச்சி. புரட்டிப் போட வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேகும். எலும்பில்லாத கோழித்துண்டு சில நிமிடங்களில் தயார். கீல் ஆடுகிற மாதிரி அமைத்ததால் தடிமனான துண்டை வைத்தாலும் மேல்தட்டு சமமாக உட்காரும். முக்கியமான விஷயம், தட்டு முன்பக்கமாகச் சரிந்திருக்கும். உருகும் கொழுப்பு வழிந்து ஒரு சின்னத் தட்டில் சொட்டும். அவ்வளவுதான் தொழில்நுட்பம்!

சால்டன் என்ற கம்பெனி இதைக் கையில் எடுத்தது. நல்ல சரக்குதான். ஆனால் விற்பதற்கு ஒரு முகம் வேண்டுமே?

இப்போது நம் ஆசாமிக்கு வருவோம்.

படிப்பைப் பாதியில் விட்டு, தெருச்சண்டை போட்டுத் திரிந்த ஃபோர்மன், அரசாங்கத்தின் தொழிற்பயிற்சித் திட்டம் ஒன்றில் சேர்ந்த இடத்தில் குத்துச்சண்டை கற்றார். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தங்கம். 1973-ல் கிங்ஸ்டன் நகரில் ஜோ ஃப்ரேஸியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் சாய்த்து உலக சாம்பியன்! அப்போது அவரைப் பார்த்தாலே பயப்படுவார்கள். முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது.

1974 அக்டோபர் 30. ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரம். எதிரே முகமது அலி. அலி கயிற்றில் சாய்ந்தபடி அடிகளை வாங்கிக்கொண்டே இருந்தார். அடித்து அடித்து ஃபோர்மன் களைத்துப்போனார். எட்டாவது சுற்றில் அலி விட்ட குத்தில் சாம்பியன் சுருண்டு விழுந்தார். 1977-ல் ஜிம்மி யங்கிடம் இன்னொரு தோல்வி. அந்த இரவு உடை மாற்றும் அறையில் தனக்கு ஓர் ஆன்மிக அனுபவம் கிடைத்ததாகச் சொன்ன ஃபோர்மன், கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு மதபோதகர் ஆனார். ஹூஸ்டனில் ஏழைப் பிள்ளைகளுக்காக இளைஞர் மையம் தொடங்கினார்.

பத்து வருஷம் ஓடியது. மையத்தை நடத்தப் பணம் இல்லை. 1987-ல், 38 வயதில், மொட்டைத் தலையும் தொந்தியுமாக மறுபடி மேடை ஏறினார். 'சீஸ் பர்கர் சாப்பிட்டே செத்துப் போவார்' என்கிற ரீதியில் கேலி செய்தார்கள். அவரோ தானும் சேர்ந்து சிரித்தார். பழைய முரட்டு ஃபோர்மன் எங்கே போனார் என்று ஜனங்களுக்கு ஆச்சரியம்! 1994 நவம்பர் 5-ம் தேதி லாஸ் வேகாஸில், தன்னைவிட ஏறத்தாழ இருபது வயது இளையவரான மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தி, 45 வயதில் மீண்டும் உலக சாம்பியன். அன்று அணிந்திருந்தது, இருபது வருஷம் முன்பு அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்பு டிராயர்!

அடுப்பும் அதே 1994-ல்தான் சந்தைக்கு வந்தது. மாதிரி அடுப்பு ஒன்று ஃபோர்மன் வீட்டுக்கு வந்தபோது அவர் அதைச் சீண்டக்கூட இல்லையாம். மனைவிதான் ஒருநாள் அதில் பர்கர் சுட்டுப் பார்த்து, 'நல்லாத்தான் இருக்கு, கொழுப்பெல்லாம் வழிஞ்சு போகுது' என்று சொல்லி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார். (சாமர்த்தியமான மனைவி அமைவதும் ஒரு சாம்பியன் பட்டம்தான்!)

நேரமும் கூடி வந்தது. அமெரிக்கா கொழுப்பைக் கண்டு நடுங்கிய காலம் அது. உணவுப் பொட்டலங்களில் எவ்வளவு கொழுப்பு என்று அச்சடிக்கும் புதிய சட்ட லேபிள் 1994-ல்தான் கடைகளுக்கு வந்தது. சரிந்த அடுப்பில் கொழுப்பு சொட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம் என்றால் விடுவார்களா? உண்மையில் எல்லாக் கொழுப்பும் போய்விடாது. வாணலியில் வறுத்து எண்ணெயை வடித்துக் கொட்டினாலும் ஓரளவு அதே பலன்தான். ஆரம்ப கால மாடல்களில் ஸ்விட்ச் கிடையாது. பிளக்கைச் சொருகினால் சூடு, பிடுங்கினால் அணையும். தட்டைக் கழற்றவும் முடியாது, கழுவுவதற்குள் உயிர் போகும். ஆனாலும் விற்றது, விற்றது, விற்றுக்கொண்டே இருந்தது. 1999-ல் பெயரை நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமைக்காக சால்டன் கம்பெனி ஃபோர்மனுக்குப் பணமும் பங்குமாகக் கொடுத்தது 13 கோடியே 75 லட்சம் டாலர்! ரத்தம் சிந்தி மேடையில் சம்பாதித்ததைவிட அடுப்பு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது. கண்டுபிடித்த மைக்கேல் போமின் பெயர் உங்களில் எத்தனை பேருக்கு இதற்கு முன் தெரியும்? அதுதான் உலகம்.

கதை இதோடு முடிந்திருந்தால் வெறும் வியாபாரக் கதை. 2004-ல் அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலியில், 'மறைந்திருக்கும் சமையலறைகள்' என்ற தொடருக்காக 'கிச்சன் சிஸ்டர்ஸ்' என்ற இரு பெண் தயாரிப்பாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டெடுத்தார்கள். இந்த அடுப்பை ஆசை ஆசையாய்ப் பயன்படுத்துகிறவர்களில், சமையலறையே இல்லாதவர்கள் ஏராளம்! புதிதாய்க் குடியேறியவர்கள், அடுப்பு வைக்க அனுமதியில்லாத வாடகை அறைகளில் தங்கியவர்கள், வீடே இல்லாதவர்கள்... கேஸ் வேண்டாம், புகைபோக்கி வேண்டாம், சுவரில் ஒரு பிளக் பாயின்ட் போதும். இரண்டு ரொட்டி, நடுவில் ஒரு சீஸ் துண்டு. சூடாக ஒரு வேளைச் சாப்பாடு. தன் கையால் சமைத்தது!

பசியென்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். ஒருவேளை சாப்பாடு தாமதமானால் வருவது பசி அல்ல, பழக்கம். அடுத்த வேளை எங்கே என்று தெரியாமல் இருப்பதுதான் பசி. அந்த நிகழ்ச்சியில் ஃபோர்மனும் பேசினார். தன் பிள்ளைப் பருவப் பசியைப் பற்றி.

2025 மார்ச் 21-ம் தேதி, 76 வயதில் ஃபோர்மன் காலமானார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் குத்துச்சண்டையையும் அடுப்பையும் சேர்த்தே எழுதின. காற்றடைத்த பையோடு பள்ளிக்கூடம் போன பையன் அவர். வீட்டில் சமையலறை இல்லாத எத்தனையோ பேர் அவர் பெயர் பொறித்த அடுப்பில் வயிறார சாப்பிட்டார்கள்.

சாம்பியன் பட்டத்தை அடுத்தவன் பறித்துக்கொள்ளலாம். இதை யார் பறிக்க முடியும், சொல்லுங்கள்?